தொண்டுக்குக் கூலி உண்டா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பு என் தலையில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அது முழுதாக இறங்கவில்லை. திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்தில் நின்றால்கூடப் பழைய மாணவர் யாராவது வந்து, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்பார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் அழைப்புகளிலும் அதே சந்தேகங்கள்தான். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதும் தன்னார்வத் தொண்டில் சேருமா, டீச்சர்?

சேரும். யாரும் கட்டாயப்படுத்தாமல், கூலி வாங்காமல், தன் வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் செய்வது எல்லாமே தொண்டுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாக வந்து இறங்கி, மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி, பிரகாரத்தைக் கழுவிவிட்டுப் போகிறார்களே, அந்த உழவாரப் பணி அப்பர் காலத்து வழக்கம். சித்திரை வெயிலில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலும் இதே கணக்குதான்.

குடிமராமத்தை மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் சேர்க்க வேண்டும். ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாருவது அருமையான ஏற்பாடு. ஆனால் 1858-இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்துக்கு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே போட்டது. வராவிட்டால் தண்டம். தண்டத்துக்குப் பயந்து மண்வெட்டி எடுத்தவரைத் தொண்டர் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

சம்பளம் இல்லாத வேலையில் எனக்கு என்ன கிடைக்கும்?

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நிறையவே கிடைக்கும். முதலாவது, சம்பளம் வாங்கும் இடத்தில் உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் தரமாட்டார்கள் என்கிற பொறுப்பு தொண்டில் கிடைத்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் நான் வேலை பார்த்த பள்ளியில் நிவாரணப் பொருள்கள் குவிந்தன. வேதியியல் ஆய்வகம்தான் கிடங்கு. கணக்கில் நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாத ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன், நீளமான கோட்டு நோட்டு ஒன்றை எடுத்து, வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தி போட்டான். யாரும் சொல்லவில்லை. முதல் நாள் மாலை இருப்பில் நான்கு தார்ப்பாய்கள் குறைந்தன. பையன் சாப்பிடவும் போகாமல் தேடினான். ஓடு பெயர்ந்த மூலையில் மெழுகுவத்திப் பெட்டிகள் நனையக் கூடாது என்று நாங்களே விரித்து மூடியிருந்தவை அவை. நோட்டில் "4 – பெட்டிகள் மேல்" என்று எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போனான்.

இன்று அவன் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். நேர்முகத்தில் மதிப்பெண் பட்டியலைவிட அந்த நோட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினேன் என்றான். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் பொருளை எண்ணத் தெரிந்தவன், கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரிந்தவள், அதிகாரியிடம் பேசப் பயப்படாதவள் என்று மூன்று வகையினரை அந்தப் பத்து நாட்கள் உருவாக்கின. வகுப்பறையில் அதை நான் இருபது ஆண்டுகளிலும் செய்ததில்லை.

இரண்டாவது, ஆட்கள். புதிதாக ஓர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கும், கும்பகோணத்தில் வீடு கட்டிக் குடியேறிய ஓய்வூதியருக்கும் தெருவில் நான்கு பேரைத் தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் கொடுப்பார்களா? அது வேலைக்கு உதவுமா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் கொடுப்பார்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் இது. கல்லூரியில் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டையும் முடித்தால் சான்றிதழ்.

வேலைக்கு உதவுமா என்றால், தாள் மட்டும் உதவாது. "முகாமில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் "மரக்கன்று நட்டோம்" என்று நிறுத்துகிறவரும், "நூறு நட்டோம், கோடையில் பாதி பட்டுப்போனது, ஆடு மேய்ந்தது ஒரு காரணம், அடுத்த முறை கருவேல முள்வேலி போட்டோம்" என்கிறவரும் ஒன்றில்லை. சான்றிதழ் தராத இடத்தில் வேலை பார்த்திருந்தால், கிளம்பும்போது பொறுப்பாளரிடம் என்ன செய்தீர்கள், எத்தனை மாதம் என்று நான்கு வரிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் உங்கள் முகமே நினைவிருக்காது.

தொண்டு செய்தால் உடம்புக்கு நல்லது என்று படித்தேன். உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

கதை இல்லை. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. ஆண்டுக்கு 200 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது என்று அதில் கண்டார்கள். 200 மணி என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

நம்புவதற்கு முன் ஒன்று: நடமாட முடிகிறவர்கள்தானே தொண்டுக்கு வருகிறார்கள்? ஆரோக்கியம் தொண்டைக் கொண்டுவந்ததா, தொண்டு ஆரோக்கியத்தைக் கொண்டுவந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வுகளால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டுத் துடைப்பம் எடுக்க வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. படிப்பு ஐந்தாவது. நடவும் களையெடுப்பும் தவிர ஒன்றும் தெரியாது. நான் என்ன தொண்டு செய்வது?

இதைக் கேட்ட அம்மாவுக்கு நெல்லைப் பார்த்தே ரகம் சொல்லத் தெரியும். மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் உமியை வைத்துப் பிரித்துவிடுவார். "ஒன்றும் தெரியாது" என்பதை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஓர் உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் இலவசமாகத் தருவார்கள். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் தேடிச் சேர்த்த ரகங்கள் 174. அவர் 2018-இல் மறைந்த பிறகும் அந்த விதைகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன என்றால், அடுத்தவருக்காக ஒரு சாக்கைத் தனியாகக் காயவைத்து, வேறு ரகம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். அதற்குப் பட்டம் வேண்டாம், கண்ணும் பொறுமையும் வேண்டும்.

கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஏதாவது ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்டடம், எந்த அறை என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே நின்று வழி சொல்வதற்கு வாரம் ஒரு காலை போதும்.

எனக்கு நேரமே இல்லையே?

ரத்தம் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை. 18 முதல் 65 வயது வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ரத்தசோகை இல்லாமல் இருந்தால் ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். பணத்துக்கு ரத்தம் விற்பது 1998 முதல் நம் நாட்டில் தடை. ஆகவே ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் சும்மா கொடுத்ததுதான்.

வேறு எங்கே போய் ஆரம்பிப்பது? எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை.

இருக்கிறது, சீசன் பார்த்துப் போக வேண்டும். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கடற்கரைக்கு வரும். நாய்க்கும் நரிக்கும் முன்னால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வனத்துறை ஆள் தேடும். கோடியக்கரையிலும் நாகப்பட்டினம் கரையிலும் சீர்காழிப் பக்கம் கூழையாரிலும் பொரிப்பகங்கள் உண்டு. பொரித்து வெளியே வர ஏறத்தாழ ஐம்பது நாட்கள். ஒரு விடியற்காலையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத நூறு குஞ்சுகள் ஈர மணலில் கோடு கிழித்துக்கொண்டு அலையை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு, அன்று பள்ளியில் என் மாணவிகள் ஒரு பாடத்தையும் கவனிக்கவில்லை. நானும் நடத்தவில்லை.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை? இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம் பெற்ற நீர்நிலைகள். புயல், வெள்ள மீட்பில் ஆர்வம் என்றால் பேரிடர் மேலாண்மைத் துறையின் 'ஆப்த மித்ரா' பயிற்சி 12 நாட்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கினேன். அப்படியானால் நான் தொண்டர் இல்லையா?

2021-இல் கொரோனா ஊரடங்குக்குப் பின் தொடங்கிய திட்டம் அது. மாலையில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் ரூபாயை மாத நாட்களால் வகுத்துப் பாருங்கள். அதைக் கூலி என்றால் கூலிக்கே அவமானம். சாக்பீஸ், சார்ட், வராத பிள்ளையைத் தேடி நடந்த செருப்பு ஆகியவற்றுக்கான செலவுதான் அது. நீங்கள் தொண்டர்தான்.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். முழுநேர ஆள் செய்ய வேண்டிய வேலையைத் 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்து மலிவாக முடித்துக்கொள்ளும் பழக்கம் தனியாரிடமும் உண்டு, அரசிடமும் உண்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஆறு நாட்கள் வரச் சொன்னால் அது வேலை. சம்பளத்தைக் கேளுங்கள்.

செலவு செய்த பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் வருமான வரியில் கழிவு உண்டா?

இல்லை. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிக்கழிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும், அதுவும் பதிவு பெற்ற அமைப்புக்கு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு கிடையாது.

வெளிநாடு போய்த் தொண்டு செய்ய ஆசை. விமான டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்களா?

சில இடங்களில் தருவார்கள், அங்கே போட்டி கடுமை. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் தொடங்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். வெளிநாட்டுப் பணிக்குத் தேர்வானால் பயணச் செலவு, மாத வாழ்க்கைப்படி, காப்பீடு எல்லாம் உண்டு. 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. 27-க்கு மேல் போனால் துறை அனுபவம் கேட்பார்கள்: செவிலியர், நீர்ப் பொறியாளர், கணக்காளர், மொழிபெயர்ப்பாளர். பிரிட்டனில் 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பும் அனுபவமுள்ளவர்களைத்தான் தேடுகிறது. அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் பீஸ் கோர் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.

விண்ணப்பக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் கேட்காது. தமிழும் ஆங்கிலமும் நன்றாக எழுத வந்தால் மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அதே திட்டத்தின் இணையவழித் தன்னார்வப் பணிகளில் சேரலாம். வெளிநாடு போவதற்கு முன் அதில் ஒன்றை முடித்துப் பார்ப்பது நல்லது. ஆசை வேலை மீதா, விமானம் மீதா என்று தெரிந்துவிடும்.

ஒரு நிறுவனம் ஒன்றரை லட்சம் கட்டினால் கம்போடியாவில் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் தொண்டு என்கிறது. மகளை அனுப்பலாமா?

வேண்டாம். கம்போடியாவில் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நேபாளத்திலும் இதே கதை. பார்க்க வரும் வெளிநாட்டவர் பணம் கொடுப்பதால், வறிய வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இல்லத்தை நிரப்புகிறார்கள். உங்கள் மகள் கட்டும் பணம் ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் பணமாக இருக்கக்கூடும். அப்படி இல்லாத நல்ல இல்லம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு வாரம் மடியில் உட்கார வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிற அக்காக்கள் ஆண்டுக்கு இருபது பேர் வந்தால் அந்தக் குழந்தையின் மனது என்ன ஆகும்?

எந்த நிறுவனத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: என் மகள் வருவதற்கு முன் இந்த வேலையை யார் செய்தார்? அவள் போன பிறகு யார் செய்வார்? பதிலாகப் புகைப்படங்கள் வந்தால் அது சுற்றுலா. சுற்றுலா போவது தவறில்லை, அங்கோர்வாட் பார்த்துவிட்டு வரட்டும்.

துபாயில் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இங்கேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் முதலில் எச்சரிக்கை. வளைகுடா நாடுகளில் அனுமதியில்லாமல் நிதி திரட்டுவது குற்றம். நம் ஊர்க் கோயில் குடமுழுக்குக்கும் பள்ளிவாசல் கட்டடத்துக்கும் வாட்ஸ்அப் குழுவில் வசூல் கேட்பது ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி அபராதத்திலும் சிறையிலும் முடியலாம். நல்ல நோக்கம் என்பது அங்கே வாதமாகாது. பதிவு பெற்ற அமைப்பின் வழியாக உழைப்பை மட்டும் கொடுங்கள். 2022 உலகக் கோப்பைக்குக் கத்தார் 20,000 தன்னார்வலர்களைச் சேர்த்தது. அதில் நம்மவர்களும் நிறைய. சீருடை, சாப்பாடு, நினைவு, அவ்வளவுதான். அவ்வளவுக்கே அவர்களுக்கு ஆனந்தம்.

ஆழமான வேலை வேறிடத்தில் இருக்கிறது. கத்தாரில் இந்தியத் தூதரகத்தின் கீழ் இயங்கும் இந்தியன் கம்யூனிட்டி பெனவலன்ட் ஃபோரம் போன்ற அமைப்புகளில், சம்பளம் கிடைக்காத தொழிலாளிக்கு மனு எழுதுவதும், மருத்துவமனையில் தனியாகக் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பதும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பத் தாள்களைச் சேர்ப்பதும் தன்னார்வலர்களே. எங்கள் தெருப் பையன் ஒருவனின் உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். பெட்டியோடு ஒரு பழுப்பு உறை. இறப்புச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் 1, 2, 3, 4 என்று தமிழ் தெரிந்த யாரோ "இதை முதலில் காட்டவும்" என்ற குறிப்போடு எழுதியிருந்தார். படிக்கத் தெரியாத அப்பா அந்த எண்களைப் பார்த்துத்தான் ஒவ்வொரு மேசையிலும் தாளை நீட்டினார். அந்தக் கையெழுத்துக்காரர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கட்டுமே, அம்மா?

தலைமை ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள், பிறகு பிள்ளைகளிடம் கேளுங்கள், கடைசியில் பேரனிடம் கேளுங்கள். நம் வீட்டில் இந்த வரிசை எப்போதும் தலைகீழ். மூன்று வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து எதுவும் ஒட்டாது. ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து மாலையில் சேர்ந்து விளையாடினால் இரண்டு பக்கமும் மொழி தானாக வரும். கம்போடியாவைப் பற்றி மேலே சொன்ன இரண்டு கேள்விகள் சொந்த ஊருக்கும் பொருந்தும்.

புயல், வெள்ளம் என்றால் உடனே லாரியில் பொருள் ஏற்றிக்கொண்டு ஓடுகிறோம். அதிலும் குற்றமா?

ஓடுங்கள். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்தன. குடும்பத்தில் பாதிப் பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற மீனவப் பெண்ணிடம், யாரோ கட்டிக் கிழித்த சேலையை நீட்டினால் அவர் வாங்குவாரா? பலர் தொடவே இல்லை. பிறகு படகுகள் வந்தன. ஆளாளுக்கு ஃபைபர் படகு கொடுக்க, அலைக்கு முன் இருந்ததைவிட அதிகமான படகுகள் கடற்கரையில் நின்றன. கடலிலோ மீன் கூடவில்லை.

கஜாவின்போது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ரொட்டி வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, மறுபடி ரொட்டி வந்தது. வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு தென்னை மரங்கள் கிடந்தன. தேவைப்பட்டது மரம் அறுக்கும் இயந்திரமும் அதற்குப் பெட்ரோலும், கூரைக்குத் தார்ப்பாயும். இயந்திரத்தோடு இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தாலே அந்தத் தெருவில் அன்று அவர்கள்தான் ராஜா. நான் ரசித்தது வேறொன்று. பிற மாவட்டங்களிலிருந்து மின்கம்பம் நட வந்த ஊழியர்களுக்கு, கூரை பறந்துபோன வீட்டுக்காரர்களே அடுப்பு மூட்டிச் சோறு போட்டார்கள். பெற்றுக்கொண்டே இருக்க யாருக்கும் பிடிப்பதில்லை. நிவாரணம் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள் தரும் ஒரு டம்ளர் மோரையாவது வாங்கிக் குடியுங்கள். மறுக்காதீர்கள்.

இரண்டு வருடம் உழைத்தேன். ஒரு நன்றி இல்லை. பிள்ளைகள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இதற்கு என்ன பலன்?

எனக்கும் நடந்தது. கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தேன். பஸ் மாறிப் போவேன். இரண்டாம் மாதத்தில் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். எனக்குக் கோபம். "இவர்களுக்கு ஆசையே இல்லை" என்று ஆசிரியர் அறையில் பேசினேன், அந்தப் பேச்சை இன்று நினைத்தால் கூசுகிறது. ஒரு நாள் ஒரு சிறுமி சொன்னாள்: "அம்மா மீன் வித்துட்டு ஏழரை பஸ்ஸில்தான் வரும். தம்பியை யார் பார்த்துக்கிறது?" வகுப்பு நேரத்தை நான் என் பஸ்ஸைப் பார்த்து வைத்திருந்தேன், அவர்களுடைய பஸ்ஸைப் பார்க்கவில்லை. தம்பிகளையும் தூக்கிக்கொண்டு வரலாம் என்றதும் வகுப்பு நிரம்பியது. சத்தமும் நிரம்பியது.

நன்றி வராத இடத்தில் முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள் என்பேன். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், சில இடங்களில் வராது. அப்போது உங்களுக்குக் கிடைப்பது, மேலே சொன்ன பையனைப் போல, வேலையில் நீங்கள் கற்றது மட்டும்.

எவ்வளவு காலம் செய்தால் பலன் தெரியும்?

1968 டிசம்பர் 25 இரவு நம் டெல்டாவின் கீழ்வெண்மணியில் நிலமற்ற தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். செய்தி கேட்டுப் பலர் வந்து அழுதார்கள், பேசினார்கள், போனார்கள். திண்டுக்கல் பக்கம் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வந்தார், தங்கினார். கணவரோடு 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கிக் கொடுத்தார். மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது வந்தது 2008-இல். நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

உங்களை நாற்பது ஆண்டுகள் கேட்கவில்லை. ஒரு பருவத்துக்காவது நில்லுங்கள். குறுவை நாற்றங்காலில் சேர்ந்தால் அறுவடை வரை.

"ஊருக்கு உழைக்கத் தெரிகிறது, வீட்டுக்குத் தெரியவில்லையா" என்று மனைவி கேட்கிறாள். என்ன சொல்வது, டீச்சர்?

அவர் கேட்பது நியாயமான கேள்வி. முதலில் பாத்திரத்தைக் கழுவுங்கள்.

பலனை எதிர்பார்த்துச் செய்தால் அது தொண்டா? நீங்களே பலனைப் பட்டியல் போடுகிறீர்களே.

கேட்டவர் தமிழாசிரியர், விடமாட்டார். உடம்பு பற்றிச் சொன்னேனே, அதே துறையில் 2012-இல் வந்த இன்னோர் ஆய்வு: அடுத்தவருக்காகத் தொண்டு செய்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். தனக்கு நல்லது என்பதற்காகச் செய்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கிடைக்கவில்லை, தொண்டே செய்யாதவர்கள் அளவில்தான் இருந்தார்கள். அமெரிக்காவின் ஒரே மாநிலத்துப் பள்ளி முடித்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கேட்டதும் சிரித்துவிட்டேன். கண் வைத்தால் காய் வெம்பிவிடும் என்று என் பாட்டி சொன்னதைப் புள்ளிவிவரத்தில் எழுதியது போலிருந்தது.

இருந்தாலும் முதல் நாள் வருகிறவரிடம் எண்ணச் சுத்தம் கேட்டால் ஒருவரும் தேறமாட்டார். சான்றிதழுக்காக வரட்டும், பொழுது போகாமல் வரட்டும், பிடித்த பெண் வருகிறாள் என்று வரட்டும், அதுவும் பார்த்திருக்கிறேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் ஏறத்தாழ நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு மறைந்துகொண்டார்கள். அதில் தேசபக்தி எவ்வளவு, ஆட்சியரை ஏமாற்றுகிற குறும்பு எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? பொட்டலத்தைப் பிரித்தவருக்குச் சோறு கிடைத்தது.

போதும் என்று தோன்றினால் எப்படி விலகுவது? பாதியில் விட்டால் பாவம் இல்லையா?

பாவம் இல்லை. சொல்லாமல் விலகுவதுதான் தவறு. ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரை இரண்டு முறையாவது கூட வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். யார் யாரைக் கேட்க வேண்டும், எந்தப் பூட்டு மழைக்காலத்தில் இறுகும், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

கஜா முகாமை மூடிய அன்று அந்தப் பையன் கோட்டு நோட்டையும் ஆய்வகச் சாவியையும் என்னிடம் கொண்டுவந்தான். கடைசிப் பக்கத்தில் இருப்பு: தார்ப்பாய் 0, அரிசி 0, மெழுகுவத்தி 11. பதினொன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்லி நின்றான். எண்ணினேன். பத்துதான் இருந்தது. "ஒன்று நேற்று இரவு கரண்ட் போனபோது நாமே கொளுத்தினோம், டீச்சர்" என்று சொல்லி நோட்டைத் திரும்ப வாங்கித் திருத்தினான்.